கொல்லைக் கேமரா

"இன்னிக்கு மட்டும் அவ கையும் களவுமா அகப்படட்டும். நாளைலேர்ந்து இந்த ஆத்துல இசக்கிக்கு வேலை கிடையாது" என்றாள் ஜானவி.

கணவன் கைலாஷ் பையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான்.

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் அந்த மாடி வீடு. கீழே கைலாஷின் அண்ணா மனைவி விஜயம், மேலே ஜானவி. போன நவராத்திரிக்கு யார் போர்ஷனில் கொலு வைப்பது என்று கிளம்பிய தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அதற்கப்புறம் எந்தச் சேதியானாலும், இரண்டு இடத்திலும் வேலை செய்யும் இசக்கிசெல்வி வழியாகத்தான்.

அதில்தான் வந்தது வினை. எதிர்வீட்டு வாலாம்பாள் முந்தாநாள் காதைக் கடித்தாள். "இசக்கி கீழ போனா உன்னப் பத்தியேதான் பேசிண்டிருக்கா. பாத்துக்கோடீ."

போதாதா? இன்று வேலைக்கு லீவு போட்டாள் ஜானவி. சாலை பஜார் கடையிலிருந்து லிங்கராஜ் வந்து கொல்லையில் கேமரா மாட்டினான். திருடன் பயம் என்று எல்லோரிடமும் சொன்னாள் ஜானவி. அதில் சத்தமும் கேட்கும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டு லைட், ஃபேன் எல்லாம் ஏற்கெனவே கூடத்தில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன. ஹப் என்று பெயர். கேமராதான் அதோடு சேர மாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

"கேமரா ஒரு கம்பெனி, ஹப் வேற கம்பெனி சேச்சி. ரெண்டும் ஒரே வைஃபைலதான் இருக்கு. ஆனா இது பேசறது அதுக்கு மனசிலாவாது" என்றான் லிங்கராஜ்.

"அப்போ என்ன பண்றது?"

"ஹப்புல ஒரு ப்ளக்-இன் ஏத்துதேன். அது நடுவுல இருந்து, இது சொல்லுதத அதுக்குப் புரியுத மாதிரி மாத்திச் சொல்லிரும். ரெண்டும் ஒத்துப் போயிரும், கேட்டோ."

ப்ளக்-இன் ஏறியது. பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்ததும் ஜானவியின் ஃபோனில் கொல்லை தெரிந்தது. கிணற்றடியில் இசக்கி பாத்திரம் தேய்க்கிறாள். பக்கத்தில் முறத்தில் வத்தல். இடுப்பில் கை வைத்தபடி விஜயம்.

"சத்தமும் வேணுமா சேச்சி?"

"அதுக்குத்தானே இத்தனையும்!"

லிங்கராஜ் ஒரு தட்டு தட்டினான். விஜயத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மேல இருக்காளே மகாராணி, அவகிட்ட போய்ச் சொல்லு. துணியப் பிழியாம பால்கனியில போட்டு, என் வத்தல் மேல சொட்ட விட்டிருக்கா. கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? பெத்தவ இதக்கூடச் சொல்லித் தரலியா?"

லிங்கராஜ் சட்டென்று ஃபேனை ஆராயத் தொடங்கினான். ஜானவிக்குக் காது சுட்டது. அம்மாவை வேறு இழுக்கிறாளே!

"சரி மாமி, சொல்லுதேன்" என்று இசக்கி எழுந்துகொண்டாள். ஜானவி ஃபோனின் சத்தத்தைக் குறைத்து, திரையைக் கவிழ்த்து வைத்தாள். மாடிப்படியில் காலடி கேட்டது.

"சின்ன மாமி, பெரிய மாமி சொல்லச் சொன்னாவ. மொட்ட மாடிலதான் வெயில் நல்லா அடிக்குமாம். துணிய அங்க போட்டா சீக்கிரம் காயுமாம். வேலைக்குப் போற புள்ளைக்கு ஈரத்துணி கஷ்டம்லா, அப்படின்னாவ."

ஜானவி அவளையே பார்த்தாள். இப்படித்தானா? இத்தனை மாதமும் இப்படித்தானா?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. "என் துணிய எங்க போடணும்னு எனக்குத் தெரியும். அவா வேலையப் பாத்துண்டு போகச் சொல்லு."

"சரி மாமி, சொல்லுதேன்."

இசக்கி இறங்கியதும் ஃபோனைத் திருப்பினாள்.

"சின்ன மாமி கவனிக்கலையாம். மன்னியோட வத்தல் நனைஞ்சு போச்சேன்னு பதறிட்டாவ. இனிமே மேல போடுதேன்னாவ."

விஜயம் முறத்தை வெயில் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்புறம், "அவளும் என்ன பண்ணுவா பாவம், காலங்கார்த்தால பஸ்ஸுக்கு ஓடறா. இந்தா, மிளகூட்டல் பண்ணியிருக்கேன். கொண்டு குடு" என்றாள்.

ஜானவிக்கு வெட்கமாக இருந்தது. "லிங்கராஜ், சத்தத்தை எடுத்துடுங்கோ."

"படம்?"

"படம் மட்டும் போதும்."

இசக்கி கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஜானவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"மன்னிகிட்ட சொல்லு, தப்பு என் பேர்லதான். வத்தல் நனைஞ்சதுக்கு மன்னிச்சுக்கச் சொல்லு."

"வத்தலா? நான் வத்தலப் பத்தி..." இசக்கியின் கண் ஃபோனில் தெரிந்த கொல்லைமேல் போய் விழுந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நேரா போய்ச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரலை இசக்கி. நீதான் சொல்லணும்" என்றாள் ஜானவி. "ஆனா, இத மட்டும் மாத்தாம, அப்படியே சொல்லு."