வெள்ளை நாடா மரங்கள்

அன்றைக்கும் அவர் வந்து போயிருந்தார்.

அவள் பேரி மரத்தின் கிளையைத் தடியால் இரண்டு தட்டுத் தட்டினாள். கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்றுகூடக் காலை அசைக்கவில்லை.

"இந்த மரமுமா?" என்று எட்டிப் பார்த்தாள் களை எடுக்கும் பெரியம்மா. "நான் சொல்லலை? உன் வீட்டுக்காரர் வேலைதான் இது. செத்தும் மருந்தடிக்கிறதை விடலை பாரேன் மனுஷன்!"

அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்துச் சோதனை நடந்துகொண்டிருந்தது. சிவப்பு நாடா கட்டிய மரங்களுக்கு ஒரு மருந்து, நீல நாடாவுக்கு இன்னொன்று. வெள்ளை நாடாவுக்கு வெறும் தண்ணீர்தான். மருந்து படாத மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே, அதற்காக. வாரா வாரம் உயிரோடிருக்கும் பூச்சியை எண்ணி எழுதுவது அவள் வேலை.

வெள்ளை நாடா மரங்களில் பூச்சி மொய்த்துக் கிடக்க வேண்டும். செத்துக் கிடந்தது. முதன்முதலில் அப்படி நடந்தது, மருந்தடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் சுருண்டு விழுந்து இறந்த வாரம். மாரடைப்பு என்றார்கள். அதன்பின் இரண்டு மாதம் வேலை நின்றுபோனது. அவர் இடத்துக்கு அவள் தம்பி வந்து மூன்று வாரம் ஆகிறது; மூன்று வாரமும் அதே கதை.

பயந்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போன மனிதர் இப்படியாவது வந்து போகிறாரே! நான்கு நாளாகத் தம்பியைப் பார்த்ததில் அந்த ஆறுதலும் போயிற்று. வேர்த்து ஊற்றுகிறது அவனுக்கு. கை நடுங்குகிறது, கண் மங்குகிறது என்கிறான். கடைசி நாட்களில் அவருக்கும் இப்படித்தான் இருந்தது.

"மச்சினனைத் துணைக்குக் கூப்பிடறார் போல" என்றாள் பெரியம்மா.

தம்பி கைக்குழந்தைக்காரன். வேண்டாம் வேண்டாம் என்றவனை இந்த வேலைக்கு இழுத்து வந்ததே அவள்தான். மரத்தைப் பார்த்து வாய்விட்டே கெஞ்சினாள்: "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவனை விட்டுடுங்க."

"யார்கிட்ட பேசிட்டிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே, சோதனையை நடத்தும் ஆபீசர் வந்தார். துணியைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. "மறுபடியுமா?"

"அவரோட ஆவி சார்..."

"ஆவிக்கு வேற வேலை வெட்டி இல்லையா? தெளிப்பானைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து மரம் மரமா அடிச்சிட்டிருக்குமாக்கும்! உன் தம்பிதான் மருந்தையும் தண்ணியையும் மாத்தி அடிச்சிருக்கான். வா, கேட்போம்."

கொட்டகையில் தம்பி சாக்கு மூட்டையில் சாய்ந்து கிடந்தான். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது; தரையோடு கட்டிய தொட்டியிலிருந்து, வண்டிமேல் இருந்த மருந்து டிரம்முக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குழாயின் முனை டிரம்முக்குள் முங்கிக் கிடந்தது. மேலே இருந்து விட்டால் நுரை பொங்கும், உள்ளே முக்கி வை என்று அவள் கணவர் ஆரம்பித்து வைத்த பழக்கம் அது.

திடீரென்று கரண்ட் போய் மோட்டார் நின்றது. அந்த அமைதியில், யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பது போல் தொட்டிக்குள் சத்தம் கேட்டது. வெளியே டிரம்மில் மருந்துத் தண்ணீர் மெல்ல மட்டம் இறங்கியது.

"கேட்டியாக்கா?" என்றான் தம்பி, நாக்குக் குழற. "மோட்டார் நின்னா எப்பவும் இந்தச் சத்தம்தான். மாமா இங்கதான் இருக்கார்."

அவன் வாயோரம் எச்சில் வழிந்தது. கண்மணி இரண்டும் ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தன. அவள் எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டாள். "ஒண்ணும் இல்லடா. நான் இருக்கேன்ல?"

"தாகமா இருக்குக்கா."

கணவர் விழுந்த நாளிலிருந்து அவள் அந்தத் தொட்டித் தண்ணீரைத் தொட்டதில்லை. அது அவள் தொண்டையில் இறங்காது. வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில்தான். அன்று பாட்டிலும் காலி. வேறு வழியில்லாமல் தொட்டிக் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து வந்தாள். ஒரே மூச்சில் குடித்தான். இன்னொரு டம்ளர் கேட்டான். அதையும் பிடித்துக் கொடுத்தாள். குடிக்கட்டும், பாவம், தெம்பு வரட்டும் என்று அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கோலத்தைப் பார்த்து ஆபீசரின் குரலும் தணிந்துவிட்டது. "இங்க பாருப்பா, பயப்படாம சொல்லு. தப்பே நடந்திருந்தாலும் நான் பார்த்துக்கறேன். வெறும் தண்ணி அடிச்ச மரத்துல பூச்சி எப்படிச் சாகும்? வெள்ளை நாடா மரத்துக்கு நிஜமா என்னத்தை அடிச்சே?"

தம்பி நடுங்கும் கையால் காலி டம்ளரைத் தூக்கிக் காட்டினான்.

"இதே தண்ணியைத்தான் சார்."