வாயடைத்த எச்சரிக்கை

ராகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில், போன மாதம் ஒரு நாள்கூடக் காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பேர்ப்பதிவுக்கு) வராதவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று உத்தரவு. தோட்டத்து வீடுகளில் இருக்கிற எல்லார் பேரையும் கம்பியூட்டரில் ஏற்றச் சொன்னவர் பெரிய கிளாக்கர் யோகேஸ்வரன். வராதவர்களைப் பிரித்துக் கடிதம் அச்சடிக்க, பெர்ல் என்ற கணினி மொழியில் ஸ்கிரிப்ட் எழுதியவள் ஆபீஸில் வேலை செய்யும் பிரியந்தி.

"ஐயா, எச்சரிக்கை ஒண்ணு வருதுங்க. ஒருத்தர் பேருக்கு நேரே எதுவுமே போடல."

"வராதவங்களுக்கு என்னத்தப் போடுறது?"

"வராட்டி பூஜ்யம்னு போட்டிருப்போமுங்க. இது வெறும் கட்டம். பெர்ல் இதையும் பூஜ்யமாத்தான் எடுத்துக்கும். அதான் சொல்லுது. யாருன்னு பார்த்துட்டு..."

கிளாக்கர், வாசலில் ஊன்றுகோலோடு நின்ற காளியாயியைக் காட்டிச் சிரித்தார். "யாரா இருக்கும்? கால் ஒடஞ்சிச்சின்னு லயத்துல படுத்துக் கெடந்த மகாராணிதான்."

"மூணு நாள் வந்தேனுங்க ஐயா."

"மிஷினும் ஒங்களாட்டமே மொணங்குது. பிள்ளை, அதோட வாய அடை!"

பிரியந்தி எச்சரிக்கையை நிறுத்த ஒரு வரி சேர்த்தாள். திரை அடங்கியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரே ஒரு கடிதம் அச்சாகி வந்தது. கிளாக்கர் அதை வாசிக்காமல் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கொண்டுபோனார். துரையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"இந்தா, வாசி," என்று கிளாக்கர் அதைக் காளியாயியிடம் நீட்டினார்.

கடிதத்திலிருந்த பேரை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"ஐயா, இதுல ஒங்க பேருல்ல இருக்கு?"

பிரியந்தி மெதுவாகச் சொன்னாள்: "பெரட்டுல கிளாக்கர்மாருக்கு நாள் போடுறதில்லைங்களே, ஐயா."

"சாமான் தூக்க ஆள் பிடிச்சிக்கங்க ஐயா," என்றாள் காளியாயி. "எனக்குத்தான் கால் ஏலாது."