வேற ரோட்டால போ

"முஸ்லிம் பொம்புளைக்கு நாய் என்னத்துக்கு? வேற ரோட்டால போ, புள்ள."

கல்முனைத் தேநீர்க் கடை வாசலில் ஜவுபர் காக்கா தினமும் கத்துவார். நாய் குரைத்துக் கயிற்றை இழுக்கும். றாஹிலா அதை இருக்கவைத்து பிஸ்கட் கொடுப்பாள்.

"வயல் காவலுக்கு மார்க்கத்துல இடமிருக்கு, காக்கா. நனஞ்ச நாயத் தொட்டா மண் போட்டு ஏழு தரம் கழுவுறன். இந்த ரோட்டாலதான் வருவன்."

ஒரு மாதம் கழித்து காக்கா அலுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

றாஹிலா நின்றாள். "ஏன் காக்கா, இண்டைக்கு ஏசல்லயா?"

அவர் எழுந்து நின்று, பழைய ஏச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார். நாய் திரும்பியும் பார்க்கவில்லை.

"சத்தத்துக்கு மிரளாம நடக்கத்தான் பழக்கினன். ஊருல உங்களப்போல சத்தம் போட ஆளில்ல. பாடம் முடிஞ்சிது, காக்கா. நாளைக்கு வேற ரோட்டால போறன்."