இரண்டு விரற்கடை

கியர் விழவில்லை. அரைத்தது.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு டிராக்டரிலிருந்து இறங்கினாள்.

நேற்றுச் சாயந்திரம் புது கிளட்ச் பிளேட்டை மாட்டிய மெக்கானிக் அய்யலுசாமி, அக்கா மகள் சடங்குக்குப் போகிற அவசரத்தில் மிச்ச வேலையை இவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

“பெடல்ல ரெண்டு வெரக்கடை சும்மா அமுங்கணும் மதினி. அதுக்கு மேல அமுங்குனா கியர் அரைக்கும். கொறஞ்சா பிளேட்டு கருகிரும். அடியில ஒரு நட்டு இருக்கு, திருகித் திருகிப் பாத்துக்கிடுங்க.”

சொல்கிறவனுக்கு என்ன.

அவள் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். நான்கு விரற்கடை சும்மா போனது.

மழை பெய்து நான்கு நாளாகிறது. கரிசல் இன்று உழவுக்குத் தோதாக இருக்கிறது. இன்னும் இரண்டு வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஊரில் இருந்த டிராக்டர் எல்லாம் யார் யார் நிலத்திலோ ஓடிக்கொண்டிருந்தன. உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை. இருந்த ஒரே ஆளான அவள் புருஷன் ஜன்னலுக்கு உள்ளே, இரும்புக் கட்டிலில், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்.

பக்கவாதம் வந்து ஆறு மாதம். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

இடது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதைக் கட்டில் சட்டத்தில் தட்டினால் தண்ணீர். தட்டினால் ஃபேன். தட்டினால் புரட்டிப் படுக்க வை. நேரங்காலம் இல்லாமல் தட்டுவார். சனியன் பிடித்த டம்ளர் என்று அவளே வாய்விட்டுத் திட்டியிருக்கிறாள்.

பிறகு ஒருநாள் தரகர் வந்தார். டிராக்டரை விற்கிறீர்களா என்று கேட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டார்.

அவள், பார்க்கலாம் என்றாள்.

அன்றிலிருந்து அவர் தட்டுவதில்லை.

தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். விற்கவில்லை, நானே உழப்போகிறேன் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். சுவரிடம் சொன்ன மாதிரிதான். பத்தொன்பது நாளாக அந்த வீட்டில் அவள் குரல் மட்டும் இருந்தது. அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. ஒருவர் பேசினால் பதிலுக்கு ஏதாவது ஒரு சத்தம் வேண்டுமே.

சாக்கை விரித்து டிராக்டருக்கு அடியில் படுத்தாள்.

இருபது வருடத்து வண்டி. இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. எங்கு பார்த்தாலும் அவர் போட்ட கட்டு. ஒரு இடத்தில் டியூப் துண்டு, ஒரு இடத்தில் கட்டுக்கம்பி, ஒரு இடத்தில் அவருடைய பழைய வேட்டிக் கிழிசல். கொஞ்ச நேரம் ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நட்டைத் தேடிப் பிடித்தாள். இரண்டு சுற்று.

ஏறினாள். எஞ்சினைப் போட்டாள். பெடலை மிதித்தாள். கியரைத் தள்ளினாள்.

கர்ர்ர்.

அணைத்தாள்.

டங்.

பூனை எதையோ உருட்டுகிறது என்று நினைத்தாள்.

மறுபடி படுத்தாள். அரைச் சுற்று. ஏறினாள். மிதித்தாள். தள்ளினாள்.

கர்ர்.

அணைத்தாள்.

டங்.

பூனை இல்லை. கட்டில் சட்டம்.

அவள் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது.

இந்த மனுஷனுக்குக் கியர் அரைக்கிற சத்தம் ஆகவே ஆகாது. ரோட்டில் போகிற ஊர் பேர் தெரியாத வண்டி அரைத்தால்கூட, சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு முகம் சுளிப்பார். அவள் ஓட்டிப் பழகிய காலத்தில் வரப்பில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

“ஏட்டி, அரைக்காத! எம் பல்லு கூசுது!”

உள்ளே ஓடிப்போய் முகத்தைப் பார்க்கலாம் என்று இருந்தது. போய், அவர் மறுபடி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

போகவில்லை.

படுத்தாள். அரைச் சுற்று. ஏறினாள்.

கர்.

டங்.

படுத்தாள். அரைச் சுற்று. கிரீஸ் கை கண்ணில் பட்டு எரிந்தது. துடைக்கவில்லை. எப்படியும் கண் கலங்கித்தான் இருந்தது.

ஏறினாள். மிதித்தாள். தள்ளினாள்.

கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

அணைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பெடலில் விரலை வைத்து அளந்தாள். சரியாக இரண்டு விரற்கடை. அய்யலுசாமியே வந்து படுத்திருந்தாலும் இதைவிடச் சரியாக வைத்திருக்க முடியாது. இனி கலப்பையை மாட்டிக் கிளம்ப வேண்டியதுதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலைப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள். வீடு மறுபடி பத்தொன்பது நாளாக இருந்த வீடாகிவிட்டது.

இறங்கினாள்.

சாக்கில் படுத்தாள். சரியாக இருந்த நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினாள்.

ஏறினாள். மிதித்தாள். தள்ளினாள்.

கர்ர்ர்ர்.

அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

டங். டங். டங்.

திட்டுகிறார்.

கியர்ப் பல்லுக்குக் கேடுதான். நிலத்தில் ஈரம் போய்க்கொண்டிருக்கிறதுதான்.

தெரிந்தே இன்னொரு முறை அரைத்தாள்.