மேடம் சாப்பிட்டாச்சு

நேற்று செத்துப்போன எட்டுக்கால் பூச்சி இன்று காலையில் இரண்டாகக் கிடந்தது.

ஜெய்புன்னிசா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒன்று வெறும் தோல். பக்கத்தில் இன்னொன்று, பெருநாளைக்குப் புதுத்துணி உடுத்தியது போலப் பளபளவென்று. அது ஒரு காலை மெல்ல அசைத்ததும், "யா அல்லா!" என்று கத்தியவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளறையில் கணவர் அபுபக்கர் இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்.

நேற்று அது காலைப் பரப்பிக்கொண்டு மல்லாந்து கிடந்ததைப் பார்த்து, இன்னாலில்லாஹி சொல்லி, ஒரு பாட்டம் அழுதும் தீர்த்திருந்தாள். உடம்பெல்லாம் மயிராக இருக்கும் ஒரு டரான்டுலாச் சிலந்திக்காக அழுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. புதைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

பாம்பு சட்டை உரிப்பது தெரியும். அவர்கள் ஊர் கலும்பாங்கைச் சுற்றிச் செம்பனைத் தோட்டம். உள்ளே காலை வைத்தால் பாம்புச் சட்டைதான். எட்டுக்கால் பூச்சியும் உரிக்கும் என்று யார் கண்டது?

அது மகன் இஸ்மத்தின் செல்லம். பெயர் மேடம். கடல் தாண்டி, கூச்சிங் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கப் போனவன், அதைத் தாயின் தலையில் கட்டிவிட்டுப் போனான். வாரம் ஒரு சில்வண்டு போட வேண்டும், அவ்வளவுதான். போனில் முதல் கேள்வி, மேடம் சாப்பிட்டாளா? அடுத்த கேள்வி, அத்தா சாப்பிட்டாரா?

சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. இரண்டுக்கும் இவளிடம் ஒரே பதில்.

இரண்டும் பொய்.

மேடம் மாதக்கணக்கில் எதையும் தொடவில்லை. போட்ட சில்வண்டு அவள் முதுகில் ஏறி நடந்தாலும் ஏனென்று கேட்பதில்லை. ஜெய்புன்னிசா அதை எடுத்துக் கொல்லையில் விட்டுவிடுவாள். அடுத்த வாரம் இன்னொன்று போடுவாள். பட்டினி கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்து ஊருக்கே சோறு போட்ட வீடு இது. தங்கள் கூரைக்குக் கீழே ஓர் உயிர் சாப்பிடாமல் கிடக்கிறது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வந்ததே இல்லை.

அபுபக்கருக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊட்டுகிற கஞ்சி ஊட்டிய கையிலேயே திரும்பி வருகிறது. மகனுக்குச் சொன்னதோ வெறும் கேஸ்திரிக், வயிற்றுப்புண் என்று. அவன் முகம் பார்த்துப் பேசக் கேட்டால் அத்தா தூங்குகிறார் என்பாள். கடைசிப் பரீட்சை அடுத்த வாரம். தெரிந்தால் பையன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவான். பரீட்சை முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று அபுபக்கர் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அதுவரை அவர் இருப்பாரா?

ஆனால் இன்று, இந்த வீட்டில் ஒரு நல்ல சேதி! எத்தனை காலம் ஆயிற்று! யோசிக்கவே இல்லை. அவளாகவே இஸ்மத்தை வீடியோவில் கூப்பிட்டு, போனைப் பெட்டிக்கு நேரே பிடித்தாள்.

"மா! மோல்ட் பண்ணிட்டாளா! பழைய ஸ்கின் லா மா அது. கிட்ட காட்டுங்க, கிட்ட காட்டுங்க!"

"நேத்து மவுத்தாப் போச்சுன்னு அழுதேன்டா பாவி."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இப்ப எதையும் உள்ள போட்றாதீங்க மா. ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், சில்வண்டே அவளக் கடிச்சுப் போட்டுடும். தோல் உரிக்கிறதுக்கு முந்தி இதுங்க வாயே தொறக்காது. இவ்ளோ பெரிய பூச்சின்னா மாசக்கணக்கா பட்டினி கெடக்கும். பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல, அதுங்க அப்படித்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான்.

போன் திரையில் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போவதை அவள் பார்த்தாள்.

"வாராவாரம் சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்களே மா."

"அது வந்து... ஒண்ணு ரெண்டு..." என்று ஆரம்பித்தாள். ஒரு பூச்சிக்காகச் சொன்ன பொய் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று அவள் நினைத்தாளா என்ன!

"மா." இஸ்மத் இப்போது மெதுவாகப் பேசினான். "அப்ப அத்தா?"

நாளும் பொழுதும் சொன்ன பதில்தான். இன்று அந்த ஒற்றைச் சொல் வாய்க்குள் சுருண்டு கிடந்தது.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. எழும்பாமல், பாதி காற்றாக.

"சாப்பிட்டேன்னு சொல்லு புள்ள."

அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று சொன்னதுதான். கூச்சிங் வரைக்கும் கேட்டது.