பசுவின் பெயர் ஜென்னி

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அலுவலகம். காலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைப் பெர்சிஸின் கணினித் திரைமேல் கோடு கோடாகக் கிழிக்கிறது. அமெரிக்காவில் யாரோ தன் குடும்பத்தின் வேரைத் தேடுகிறார். அவருக்காக அந்த ஊர்ப் பழைய தாள்களைப் படித்துப் பெயர்களைத் தட்டச்சு செய்வது இவள் வேலை. திரையில் இருப்பது, அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்த காலத்து உயில். குடியானவன் ஒருவன் சாகுமுன் எழுதியிருக்கிறான்: என் பசு ஜென்னி என் மனைவிக்கு. ஒன்பது பிள்ளைகளின் பெயரும் வரிசையாக இருக்கிறது. பெர்சிஸ் மூன்றாம் தடவையாகத் தாளைப் பெரிதாக்குகிறாள். மை கசிந்த எழுத்துகளுக்குள் மனைவியின் பெயர் மட்டும் எங்குமே இல்லை. "ஒம்பது பெத்திருக்கா. மாட்டுக்குப் பேரு இருக்கு, அவளுக்கு இல்லியோ?" விரல் விசைப்பலகையை அறைகிறது. மேற்பார்வையாளர் எஸ்றா எழுந்து வருகிறார். "'தெரியவில்லை'ன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போம்மா. செத்து இருநூத்தம்பது வருசமான பொம்பளைக்கு நீ எதுக்குக் கோவப்படுதே?" பெர்சிஸின் காதுமடல் சிவக்கிறது. நேற்று அவர் கொடுத்த, அவர் மகளின் கல்யாண அழைப்பிதழ் மேசையில் சாய்ந்து நிற்கிறது. எடுத்து நீட்டுகிறாள். "திரு, திருமதி எஸ்றான்னு அடிச்சிருக்கீய. அக்கா பேரு எங்கன அண்ணே?" எஸ்றா சிரித்தபடி வாங்குகிறார். பொன்னெழுத்துகளின்மேல் விரலை ஓட்டுகிறார். சிரிப்பு நிற்கிறது. அட்டையைத் திருப்பி, ஒன்றுமே அச்சிடாத பின்பக்கத்தையும் பார்க்கிறார்.