ஒயர் அறுந்த டெலிபோன்

கோடை வெயில் ஜன்னல் வழியே வந்து வகுப்பறை மேசையில் பாதி வரை படுத்துக் கிடக்கிறது. முதுகோடு முதுகாக இரண்டு நாற்காலிகள். முகம் பார்க்காமல் போனில் பேசிப் பழக வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. ஐம்பதைத் தொட்டுவிட்ட தையற்காரியின் மடியில் ஒயர் அறுந்த பழைய டெலிபோன். "ஒரு மாறுதலா இருக்கும், போயிட்டு வாக்கா" என்று தங்கைதான் பிடிவாதம் பிடித்து இந்த அந்நிய ஊருக்கு மொழி படிக்க அனுப்பினாள். மொழி ஏதோ பிடிபடுகிறது. மனசுதான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும், கூடப் படிக்கும் வேற்றூர்ச் சமையல்காரர் இன்றைய பாடத்தில் அவள் புருஷன். "எப்ப வருவீங்க?" என்று அந்தப் புது மொழியில் தட்டுத் தடுமாறிக் கேட்கிறாள். "வந்துட்டே இருக்கேன், சாப்பாடு எடுத்து வை" என்கிறார் அவரும் அதே மொழியில். போன வருஷம் லாரி மோதி வழியிலேயே போய்ச் சேர்ந்த புருஷன் கடைசியாகப் போனில் சொன்னதும் இதேதான். தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிறது. அவளுக்குப் பாடம் மறந்துவிட்டதாக்கும் என்று சமையல்காரர் மெதுவாக எடுத்துக்கொடுக்கிறார்: "சரி, வச்சிடறேன்னு சொல்லுங்க." அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். "வச்சிடாதீங்க" என்கிறாள், தமிழில். அந்த அறையில் யாருக்கும் அது புரியவில்லை.